எஞ்சினின் நீர்க்குழாயும் அதன் கிளிப்பும்

மோட்டார் வாகனத்தை ஓட்டுவோர் பலர். அதன் முகப்பு மூடியை உயர்த்தி உள்ளே இருப்பதைப் பார்ப்போர் சிலர். அந்தச் சிலருடைய கண்ணுக்கும் எளிதிற் படாமல் மறைந்திருப்பது, றப்பர்க் குழாயின் நுனியைச் சுற்றி இறுகி நிற்கும் மெல்லிய உலோகப் பட்டி. பட்டறைகளில் அதனைக் கிளிப் என்று சொல்லுவர். அதன் விலை அற்பமானது. ஆயினும், கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்குப் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு மலையேறும் வாடகைக் கார் ஒன்றின் பல மாத வருமானம் அந்தப் பட்டியில் உள்ள ஒரே திருகிலே தங்கியிருப்பதுண்டு.

இது மிகையான கூற்றன்று. எஞ்சினில் எரியும் பெற்றோலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வாகனத்தை இழுக்கும் வேலையாக மாறுகின்றது. இன்னொரு பங்கு புகையோடு வெளியேறிவிடும். எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதியை நீர் சுமந்து சென்று றேடியேற்றரிலே காற்றுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். எஞ்சின் தன் தாங்கிகளின்மேல் எப்பொழுதும் அதிர்ந்து அசைவது. றேடியேற்றரோ சட்டத்தோடு பொருத்தப்பட்டு அசையாது நிற்பது. ஆகையால் இவ்விரண்டையும் இணைக்க வளையும் இயல்புடைய றப்பர்க் குழாயே ஏற்றது. குழாய் உலோக முனையிலே செருகப்பட்டிருக்கும். அதனை அங்கே பிடித்து வைத்திருப்பது கிளிப்.

றேடியேற்றரின் மூடி, நீரை அழுத்தத்தின்கீழ் அடைத்து வைப்பதற்காக அமைந்தது. சதுர அங்குலத்திற்கு 7 இறாத்தல் அழுத்தத்தைத் தாங்கும் மூடி நல்ல நிலையில் இருந்தால், கடல் மட்டத்தில் நீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 111 பாகை செல்சியசிலேதான் கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், திறந்த பாத்திரத்தில் வைத்த நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. மலைப்பாதையிலே, எஞ்சின் மிகக் கடுமையாக உழைக்கும் வேளையில், குழாயின் வாயிலே ஒரு கசிவு தோன்றினால் அழுத்தம் இறங்கிவிடும். அதுவரையில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த நீர் அந்தக் கணமே கொதிக்கத் தொடங்கும். நீரைப்போல ஆவி வெப்பத்தைச் சுமக்காது. சிலிண்டர்களின் தலைப்பகுதி கோணி, அதன் அடியில் உள்ள கஸ்கற் எரிந்துபோகும். வெப்பமானியைப் பார்த்தே வண்டி ஓட்டுபவரையும் இந்த விபத்து ஏமாற்றிவிடலாம். நீர்மட்டம் மானியின் உணர்முனைக்குக் கீழே இறங்கிவிட்டால், எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்து நிற்பதுண்டு.

கிளிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. சுவீடன் நாட்டவரான குனுற் எட்வின் பேர்க்ஸ்ட்ரம் என்பவர் 1896 ஆம் ஆண்டில் குழாய்க்குரிய கிளிப் ஒன்றை உருவாக்கினார். இன்று உலகெங்கும் காணப்படும் திருகுவகைக் கிளிப்பை, பிரித்தானியக் கடற்படையில் கொமாண்டர் பதவி வகித்த லம்லி றொபின்சன் என்பவர் 1921 இல் காப்புரிமை பெற்று, கென்ற் மாகாணத்து ஜிலிங்ஹாம் நகரில் உற்பத்தி செய்தார். அதற்கு அவர் இட்ட பெயர் ஜுபிலி. ஆங்கிலேயர் எந்தத் தொழிற்சாலையிலே செய்த கிளிப்பையும் இன்றுவரை அப்பெயராலேயே அழைத்து வருகின்றனர். அதன் அமைப்பு எளிது. பட்டியிலே சரிவான வெட்டுகள் வரிசையாக இருக்கும்; சிறு கூட்டினுள் அமைந்த திருகின் புரிகள் அவ்வெட்டுகளைப் பற்றி இழுக்கும்; திருகு சுழலச் சுழல வளையம் சுருங்கும்.

வேறு இரு வகைகளும் உள்ளன. ஒன்று வில் உருக்கினாலான வளையம். அதன் இரு காதுகளையும் குறட்டினால் நெருக்கினால் விரியும். விட்டால் தானே சுருங்கிப் பிடிக்கும். புதிய வாகனங்களிற் பெரும்பாலானவற்றில் தொழிற்சாலையார் பொருத்துவது இதுவே. மற்றொன்று, புடைத்த காதைக் குறட்டினால் ஒரே முறை நசுக்கி இறுக்குவது. கழற்றினால் மீண்டும் பயன்படாது.

இந்த மூன்றில் எதுவாயினும், மேசையின்மேல் வைத்துப் பூட்டச் சொன்னால் சிறுவனும் பூட்டிவிடுவான். தொல்லையெல்லாம் இடத்தினால் வருவது. எஞ்சினுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் நுழையலாம். மூன்றாவது விரல் நுழையாது. கண் போகும் வழியிலே கை போகாது. கை போனபின் கண்ணுக்கு வழியில்லை. இந்த நெருக்கத்திலே கிளிப்பைப் பூட்டும் வேலையின் வெற்றி, திருகை முறுக்கும் வலுவினால் வருவதன்று. கை உள்ளே போவதற்கு முன்னர், திருகின் தலை எந்தத் திசையை நோக்கி நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவருக்கே அது கிட்டும்.

இதற்குப் பழைய பிரித்தானியக் கார்களைவிடச் சிறந்த பாடசாலை இல்லை. ஒஸ்ரின் கம்பனியார் 1951 இல் ஏ 30 என்னும் சிறிய காரோடு அறிமுகஞ் செய்த எஞ்சின், ஏ வரிசை எஞ்சின் எனப் பெயர் பெற்றது. 1952 இலிருந்து அதே எஞ்சின் மொறிஸ் மைனரிலும் இடம்பெற்றது. 1959 இல் மினிக் காரிலும் ஏறியது. மினியின் உற்பத்தி நின்ற 2000 ஆம் ஆண்டுவரை அது நிலைத்தது. இலங்கையில் 1960களின் தொடக்கத்தில், அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, ஏற்கெனவே வந்து இறங்கியிருந்த மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின்களுமே ஆண்டுக்கணக்காக மீண்டும் மீண்டும் பழுதுபார்க்கப்பட்டு ஓடின. அவற்றுட் சில இன்றும் வீதியில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த எஞ்சினில், சிலிண்டர் தலையின் அடிப்புறத்திலிருந்து நீர்ப்பம்பின் மேற்புறத்திற்கு இறங்கும் ஒரு குறுங்குழாய் உண்டு. நீளம் ஏறத்தாழ இரண்டு அங்குலமே. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, றேடியேற்றருக்குப் போகும் வழியைத் தேர்மோஸ்ற்றற் என்னும் வெப்பக் கதவு அடைத்துவிடும். அவ்வேளையிலும் நீர் எஞ்சினுக்குள் சுற்றிவருவதற்கு வழிவிடுவது இந்தக் குறுங்குழாய். பார்வைக்கு அற்பமான துண்டு. ஆனால் எஞ்சினின் தலைக்கும் பம்புக்கும் நடுவே, விசிறியின் பின்னால், இரு உலோக முனைகளுக்கிடையில் அது சிக்கிக் கிடக்கின்றது. நேரான குழாயைப் புதிதாகப் போட வேண்டுமாயின் பம்பையோ எஞ்சினின் தலையையோ கழற்றியாக வேண்டும். அதனாலேதான் அனுபவமுள்ள மெக்கானிக்குகள், வேறெந்தக் காரணத்துக்காகத் தலையைக் கழற்றினாலும், நல்ல நிலையில் இருக்கும் அந்தக் குழாயையும் எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டு வந்தனர். வீண்செலவு என்று வாகனச் சொந்தக்காரர் முணுமுணுப்பதுண்டு. அது வீண்செலவன்று.

இந்தச் சிரமத்தைத் தணிக்க, ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக அமைந்த குழாய் ஒன்று பின்னர் விற்பனைக்கு வந்தது. அதனை விரல்களால் நெருக்கிச் சுருக்கி, கீழ்முனையிலே முதலிற் செருகி, பின்பு மேல்முனைக்கு ஏற்றிவிடலாம். செருகுவதற்கு முன்பே இரண்டு கிளிப்புகளும் குழாயின்மேல் இருத்தல் வேண்டும். பின்னர் மாட்ட எண்ணினால் இடம் கிடையாது. இரண்டின் திருகுத்தலைகளும் ஒரே பக்கத்தை, கை எட்டக்கூடிய பக்கத்தை நோக்கியிருத்தல் வேண்டும். குழாயைச் செருகும்போது கிளிப் சுழன்று தலையை உட்புறமாகத் திருப்பிக்கொள்ளும் கெட்ட பழக்கம் உடையது. ஒரு சுற்று நூலினாலோ சிறு துண்டு ஒட்டுநாடாவினாலோ அதனைக் குழாயோடு கட்டி வைத்தால் இத்தொல்லை தீரும். கிளிப்பை அளவுக்கு மேல் தளர்த்தி வைப்பதும் தவறு. நழுவி எஞ்சினின் அடியிலே விழுந்து மறைந்துவிடும்.

மைனரில் எஞ்சின் நீளவாட்டிலே நிற்பதால், விசிறியின் இலையைக் கையால் திருப்பி இடைவெளியை நேரே கொண்டுவரலாம். விசிறியின் பட்டியைக் கழற்றிவிட்டால் இன்னும் சற்று இடம் பிறக்கும். மினியில் நிலைமை வேறு. அதனை அமைத்த அலெக் இசிகோனிஸ், 10 அடி நீளத்திற்குள் நால்வரை அமர்த்துவதற்காக எஞ்சினைக் குறுக்காக வைத்தார். றேடியேற்றர் முன்புறத்தில் நில்லாது இடப்பக்கச் சக்கரக் கூட்டின் ஓரமாக ஒதுங்கியது. பிரயாணிகளுக்குக் கிடைத்த இடமெல்லாம் மெக்கானிக்கின் கையிலிருந்து பறிக்கப்பட்ட இடமே. அங்கே சிலர் றேடியேற்றரையே கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவர். நேரத்தை வீணாக்குவதுபோலத் தோன்றினாலும், ஒரு கிளிப்போடு அரைநாள் போராடிக் கையைக் கிழித்துக்கொள்வதிலும் அது விரைவானது. தடையாக நிற்கும் பொருளைக் கழற்றத் துணியாமையே நெருக்கமான வேலைகளில் நேரத்தை விழுங்குவது.

குறுக்காக எஞ்சினை வைக்கும் அம்முறையே இன்று சிறிய கார்களிற் பெரும்பாலானவற்றில் வழக்கமாகிவிட்டது. ஆகையால் மினியிலே கற்ற பாடம் நேற்று இறங்கிய யப்பானியக் காருக்கும் பொருந்தும்.

திருகுத்தலையின் திசையைத் தீர்மானிக்கும்போது மூன்று கேள்விகள் எழும். இப்பொழுது கருவி எந்த வழியாக உள்ளே வரும்? மற்ற உறுப்புகளெல்லாம் திரும்பப் பூட்டப்பட்ட பின்னரும் அந்த வழி திறந்திருக்குமா? ஐந்தாறு ஆண்டுகளின் பின்னர், வேறொரு மெக்கானிக் அதனைக் கழற்ற வரும்போது தலையைக் காண்பாரா? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் மிகக் குறைவு. தலையைப் பின்பக்கம் திருப்பிப் பூட்டிவிட்டுப் போனவரை, அடுத்து வருபவர் என்ன சொல்லித் திட்டுவார் என்பதை வானொலியிலே சொல்லுதல் இயலாது.

திருகின் கூடு பக்கத்துக் குழாயையோ மின்கம்பியையோ தொட்டுக்கொண்டு நிற்கவும் கூடாது. எஞ்சினின் அதிர்வு அதனை ஓர் அரமாக மாற்றிவிடும். சில மாதங்களில் அடுத்த குழாயிலே துளை விழும். குழாயின் அளவுக்குப் பெரிதான கிளிப்பை வாங்கி இறுக்கினால், எஞ்சிய வால் நீண்டு நின்று, விசிறிப் பட்டியை வெட்டும்; அல்லது அடுத்த முறை உள்ளே வரும் விரலை வெட்டும்.

பூட்டுவதற்கு முன், உலோக முனையிலே ஒட்டியிருக்கும் பழைய றப்பரையும் துருவையும் சுரண்டி, உப்புத்தாளினால் தேய்த்து மழமழப்பாக்குதல் வேண்டும். கசிவுகளிற் பலவற்றிற்குக் காரணம் கிளிப் அன்று, இந்த அழுக்கே. குழாய் இலகுவில் ஏறாவிட்டால் சவர்க்கார நீரினால் நனைத்துக்கொள்ளலாம். எண்ணெயும் கிறீசும் ஆகா. அவை றப்பரை ஊதச் செய்து இளக்கிவிடும். உலோக முனையின் ஓரத்திலே சற்றே புடைத்த விளிம்பு ஒன்று இருக்கும். கிளிப் அந்த விளிம்பைத் தாண்டி உட்புறமாக அமர்தல் வேண்டும். விளிம்பின்மேல் அமர்ந்தால் வழுக்கும். குழாயின் நுனியிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இருப்பது நலம். நுனியோடு ஒட்டி நின்றால், பட்டியின் ஒரு பகுதி வெறுமையைப் பற்றிச் சரிந்துவிடும்.

குழாய் ஏற்கெனவே பூட்டப்பட்டுக் கிடக்க, கிளிப் மாத்திரம் பழுதாகியிருந்தால், குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. திருகுவகைக் கிளிப்பின் திருகை முற்றாகப் பின்வாங்கினால் பட்டி கூட்டை விட்டு வெளியேறி நீண்ட நாடாவாகிவிடும். அதனைக் குழாயைச் சுற்றிக் கடத்தி, வாலை மறுபடி கூட்டினுள் நுழைத்துத் திருகினாற் போதும். வால்நுனியைச் சற்று முன்னதாக வளைத்து வைத்துக்கொண்டால் அது தன் வழியைத் தானே தேடும். வில்வகை வளையத்திலோ காதுவகைக் கிளிப்பிலோ இந்த வசதி இல்லை. நெருக்கமான இடத்தில், பிற்காலப் பராமரிப்புக்குத் திருகுவகையே ஏற்றது என்று பலர் கருதுவது இதனாலேயே.

கருவியைப் பொறுத்தவரையில், திருப்புளியைக் கைவிடுவது நன்று. திருகுத்தலையிலே வெட்டும் உண்டு, அறுகோண வடிவமும் உண்டு. வெட்டிலே வைத்த திருப்புளி கோணலான இடத்தில் வழுக்கி, றேடியேற்றரின் மெல்லிய தகடுகளையோ மறு கையையோ குத்தும். 7 அல்லது 8 மில்லிமீற்றர் அளவுள்ள குழல்வடிவச் சாவி அறுகோணத் தலையை முழுவதும் பற்றிக்கொள்வதால் வழுக்காது. வளையும் தண்டுடைய சாவியானால் மூலையைச் சுற்றியும் வேலை செய்யும். வில்வகை வளையத்திற்கு, நீண்ட கம்பிவடத்தின் முனையிலே தாடைகள் அமைந்த குறடு உண்டு. வளையத்தை விரித்த நிலையிற் பூட்டி வைக்கக்கூடியது. அதனைப் பயன்படுத்தியவர் சாதாரணக் குறட்டைத் திரும்பத் தொடமாட்டார். சிறு கண்ணாடி ஒன்றும் கைவிளக்கும் அவசியம். கண்ணாடியிலே பார்த்துத் திருகும்போது வலஞ்சுழி இடஞ்சுழியாகத் தோன்றும் என்பதை மாத்திரம் மறத்தலாகாது. திருகு சுழலும் உணர்ச்சியை விரல் அறிந்துகொள்வதற்காக, அதே அளவான கிளிப் ஒன்றை மேசையின்மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று முறை இறுக்கித் தளர்த்திப் பார்ப்பதும் நல்ல பயிற்சி.

எவ்வளவு இறுக்குவது? மணிக்கட்டின் சாதாரண வலு போதும். பட்டியின் வெட்டுகளினூடே றப்பர் பிதுங்கி எழத் தொடங்கினால் அளவு கடந்துவிட்டது என்று அறியலாம். அவ்வாறு இறுக்கப்பட்ட குழாய் அன்றைக்குக் கசியாது. சில மாதங்களில் பட்டியின் விளிம்பிலே வெட்டுண்டு, ஏதாவது ஒரு மலைப்பாதையிலே பிளக்கும். கிளிப் கிடைக்காத காலங்களில் கட்டுக்கம்பியை இரட்டையாக முறுக்கிக் கட்டியவர்கள் கண்ட பலனும் அதுவே. மெல்லிய கம்பி பிடிப்பதிலும் பார்க்க அறுப்பதிலே வல்லது. புதிய றப்பர் முதன்முறை சூடாகி ஆறும்போது சற்றே அமுங்கிக்கொள்ளும். ஆகையால் முதல் ஓட்டத்தின் பின், எஞ்சின் நன்றாக ஆறியதும், திருகுவகைக் கிளிப்பை இன்னொரு சிறு அளவு இறுக்குதல் வேண்டும். வில்வகை வளையம் அந்தத் தளர்ச்சியைத் தானே பின்தொடர்ந்து சுருங்கும். தொழிற்சாலையார் அதனை விரும்புவதன் காரணம் அதுவே.

சூடான எஞ்சினில் இவ்வேலையைத் தொடங்குதல் ஆகாது. அழுத்தத்தின்கீழ் இருக்கும் நீர், மூடியைத் தளர்த்திய கணத்திலே ஆவியாகச் சீறி முகத்தையும் கையையும் வேகச்செய்யும். றேடியேற்றரைக் கையால் தொட்டுக்கொண்டிருக்க முடிகின்ற சூடு வரும்வரை காத்திருப்பதே வழி. இக்காலத்து மின்விசிறி, சாவி கழற்றப்பட்ட பின்னரும் தானாகச் சுழலத் தொடங்கக்கூடும். ஹைபிரிட் கார்களில் எஞ்சினே தானாக இயங்கத் தொடங்கலாம். ஆதலால் அவற்றை முற்றாக நிறுத்திச் சாவியை அப்பால் வைத்துவிட்டே கையை நுழைத்தல் வேண்டும். அவற்றில் உள்ள செம்மஞ்சள் நிறத் தடித்த கம்பிகள் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் உடையவை. பயிற்சி இல்லாதவர் அவற்றின் அருகே செல்லுதல் தகாது. மோதிரமும் கைக்கடிகாரமும் வேலை முடியும்வரை சட்டைப் பையில் இருக்கட்டும். வடித்தெடுத்த குளிர்ப்பு நீரிலே கிளைக்கோல் கலந்திருக்குமாயின் அது இனிப்புச் சுவையுள்ள நஞ்சு. நாயும் குழந்தையும் எட்டாதவாறு மூடிய பாத்திரத்தில் வைத்தல் வேண்டும்.

எல்லாம் பூட்டி, நீர் நிரப்பி, காற்று வெளியேற எஞ்சினை ஓடவிட்ட பின்னர், சூட்டிலே கசிவு இல்லை என்று கண்டு திருப்தியடைவோர் பலர். சூட்டில் அடைபட்டிருக்கும் வாய் குளிரிலே கசிவதுண்டு. இரவில் எஞ்சின் ஆறும்போது றப்பர் உலோகத்தைவிட அதிகமாகச் சுருங்குவதால் கிளிப்பின் பிடி தளரும். அதனை அறிவதற்கு, மாலையில் வாகனத்தை நிறுத்தும்போது, அந்தக் குழாய்க்கு நேர் கீழே நிலத்திலே பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைத்து, காலையில் எஞ்சினை இயக்குவதற்கு முன் பார்த்தல் வேண்டும். தாள் காய்ந்து கிடந்தால் மலைக்குப் புறப்படலாம். ஈரத்தின் வட்டம் ஒன்று தெரிந்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும் அந்த வேளையிலேயே திருகை இன்னும் ஒரு கால் சுற்று இறுக்கி, அடுத்த இரவும் புதிய தாளை விரித்துப் பார்த்தல் வேண்டும்.